பாறசாலை கஷாய வழக்கு: தூக்குதான் நியாயமா?

21 ஜனவரி 2025 – கேள்வி (குலசேகரம் வாசகர்)

கேரளத்து நெய்யாற்றின்கரை கோர்ட் நேற்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்ணுக்குத் தூக்கு விதித்திருக்கிறது. நம்பி வந்த காதலனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்தவளுக்கு இதைவிடக் குறைவாக எது கொடுத்தாலும் அநியாயம். தூக்குப் பயம் இருந்தால்தான் கொலை குறையும். ராஜா காலத்தில் அப்படித்தானே இருந்தது? மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

21 ஜனவரி 2025, இரவு

எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. "உன் வீட்டில் நடந்திருந்தால் இப்படிப் பேசுவாயா" என்று யாரும் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்தது. 1997-ல் அதிர்த்தித் தகராறில், அதாவது எல்லைத் தகராறில், பக்கத்து விளைக்காரன் (விளை என்றால் தோட்டம்) என் அண்ணனை வெட்டிக் கொன்றான். அன்றைக்கு எனக்கும் தூக்குதான் வேண்டியிருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்கிறேன். அந்தக் கதை பிறகு. இப்போது தீர்ப்பைப் பற்றி மட்டும்.

இறந்தவர் பாறசாலைப் பையன், வயது 23. 2022 அக்டோபர் 14 அன்று அந்தப் பெண்ணின் வீட்டில், நம்ம மாவட்ட எல்லைக்குள், கஷாயம் குடித்தார். வெளியே வந்ததுமே வாந்தி. அக்டோபர் 25-ல் உயிர் போகும்வரை ஆஸ்பத்திரிதான். பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிவு மருந்து கிடையாது. தொண்டை வெந்து, சிறுநீரகம், ஈரல், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகப் போகும். அந்த நிலையில் மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோதுகூட அவர் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாமனுக்குத் தடயத்தை அழித்ததற்காக 3 வருஷம், அம்மா விடுதலை.

அதே ஜனவரி 20-ந் தேதி கொல்கத்தா சியால்தா கோர்ட்டிலும் ஒரு தீர்ப்பு. ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்த பெண் டாக்டரைப் பலாத்காரம் செய்து கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை. 'அரிதினும் அரிதான' வழக்கு இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஒரே நாள், ஒரே அளவுகோல். இரண்டு கொலையும் படிக்கிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற கொலை. அங்கே ஆயுள், இங்கே தூக்கு.

அந்த 'அரிதினும் அரிதான' என்ற அளவுகோல் 1980-ல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 4 நீதிபதிகள் தூக்கு செல்லும் என்றார்கள். பகவதி ஒருவர்தான் மறுத்தார். எந்த நீதிபதி முன்னால் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஒருவன் சாவதும் பிழைப்பதும் அமைந்துவிடும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. 45 வருஷம் கழித்து நேற்று கண்ணெதிரே நடந்திருக்கிறது.

22 ஜனவரி 2025

நீதிபதியின் படத்துக்குப் பாலாபிஷேகம் செய்யத் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இறந்த பையனுடைய பெற்றோர் இதைப் பார்ப்பார்களே என்று ஒருத்தராவது யோசித்திருக்கலாம்.

24 ஜனவரி 2025

குலசேகரம் அண்ணன் கேட்ட ராஜா காலத்துக்கு வருகிறேன்.

கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை இருந்தது திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் கீழே. அந்தத் திருவிதாங்கூரில் தூக்குத் தண்டனையை நிறுத்தியதே ஒரு ராஜாதான். 1944-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா நிறுத்தினார். 1936-ல் எல்லாச் சாதியாருக்கும் கோவில் கதவைத் திறந்துவிட்ட அதே ராஜா. பிறகு இந்தியச் சட்டம் இங்கேயும் வந்தபோது கயிறும் கூடவே திரும்பி வந்தது. ஆக, நம்ம தாத்தா பாட்டிமார் சில வருஷம் தூக்கு இல்லாத நாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

அப்போது கொலை பெருகியதா? மரண தண்டனை விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை திருவிதாங்கூரில் 962 கொலைகள். தூக்கு திரும்பி வந்த 1950 முதல் 1955 வரை 967 கொலைகள்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

25 ஜனவரி 2025

சொல்ல இருக்கிறது. ராத்திரி முழுக்க அந்த இரண்டு எண்ணும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

தக்கலை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி: மக்கள்தொகை அதற்குள் கூடியிருக்குமே? கூடியிருக்கும். அப்படியானால் தலைக்கு இத்தனை கொலை என்று பார்த்தால் பின்னால் வந்த ஐந்து வருஷத்தில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். நடுவில் சுதந்திரம் வந்தது, 1949-ல் கொச்சி சேர்ந்தது, போலீஸ் மாறியது. தூக்கால் பயனே இல்லை என்று இந்தக் கணக்கை வைத்துச் சாதிக்க நான் வரவில்லை. தூக்கு போனால் ஊர் கொலைக்களமாகிவிடும் என்று சொன்னவர்களுக்கு மட்டும் இது பதில். ஆகவில்லை.

எங்கள் விளைக்காரனுக்குத் தூக்கு என்று ஒன்று இருப்பது தெரியாதா? வெட்டுகத்தியை ஓங்கிய நேரத்தில் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது இடிந்துபோன கையாலை, அந்த மண்சுவர் மட்டும்தான். கஷாய வழக்கு வேறு மாதிரி. அது நாள் கணக்கில் யோசித்துச் செய்தது. ஆனால் அப்படி யோசித்துச் செய்கிறவர்கள் மாட்டவே மாட்டோம் என்று நம்பித்தான் செய்கிறார்கள்.

2 பிப்ரவரி 2025

அண்ணன் கதை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் விளைக்கும் அவன் விளைக்கும் நடுவில் மண் கையாலை. மழையில் இடிந்தது. திருப்பிக் கட்டும்போது அதிர்த்திக் கல் ஒரு அடி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அண்ணன் சொன்னான், இல்லை என்று அவன் சொன்னான். சர்வேயருக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தோம். அளக்க ஆள் வருவதற்குள் ஒரு விடியற்காலை எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு 34 வயது. மைனிக்கு, அண்ணன் மனைவிக்கு, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரப்பர் பால்வெட்டுக்காரன், தலையில் லைட் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றவன். கோர்ட்டில் ஏறியதும் "இருட்டாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை" என்றான். பிறழ் சாட்சி. அவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இன்னொன்று, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன பாட்டி. எதிர்த்தரப்பு வக்கீல், "பாட்டி, உனக்குக் கண் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டார். பாட்டி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குக் கோட்டுல மேல் பித்தான் இல்ல மக்கா" என்றாள். எங்கள் வழக்கு நின்றது அந்தப் பாட்டியால்தான்.

அம்மையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கிளார்க் ஒரு பொட்டலத்தின் அரக்கு முத்திரையை உடைத்து, பழுப்புக் காகிதத்தைப் பிரித்து, அண்ணன் உடுத்தியிருந்த சாரத்தை (லுங்கியை) எடுத்தார். நீலக் கட்டம். இரத்தம் காய்ந்து, மடித்த இடத்தில் துணி முறுகி, பிரிக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டது. மூலையில் நூலால் ஒரு அட்டை கட்டி அதில் எண் போட்டிருந்தது. "இது யாருடையது அம்மா?" என்று கேட்டார்கள். அம்மை பதில் சொல்லாமல் அதை வாங்கி மடிக்கத் தொடங்கினாள், கொடியிலிருந்து எடுத்த துணியை மடிப்பதைப்போல. மடிக்கக் கூடாது அம்மா என்று கிளார்க் பிடுங்கிக்கொண்டார்.

சேலம் ஜெயிலில் ஆட்டோ சங்கரைத் தூக்கில் போட்டது 1995 ஏப்ரல் 27. தமிழ்நாட்டில் நடந்த கடைசித் தூக்கு அது. அந்தச் செய்தி அம்மைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அரசு வக்கீலிடம் போய், "அவனுக்குப் போட்டாவ இல்லா, இவனுக்கு மட்டும் ஏன் கிடையாது?" என்று சண்டை பிடித்தாள். அது ஆறு கொலை, இது தூக்குக் கேஸ் இல்லை, ஆயுள்தான் கிடைக்கும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "ஆறு பேரு செத்தாத்தான் உங்களுக்குக் கணக்கா?" என்று கேட்டுவிட்டு அம்மை அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆயுள் கிடைத்தது. கூடவே ஒரு அபராதம், மைனி கைக்கு அதில் ஒரு பைசா வரவில்லை. அவள் அண்டி ஆபீஸுக்கு, முந்திரித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனாள். முந்திரிக் கொட்டையைத் தல்லும்போது வடிகிற எண்ணெய் பட்டு விரல்களில் தோல் உரிந்து, வீட்டுக்கு வந்து சோறு பிசைய முடியாமல் கரண்டியால் தின்றாள். பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தாள். கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று ஊரே கேட்டது. மைனி எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பல வருஷம் கழித்து, தலைவர் ஒருவரின் நூற்றாண்டை ஒட்டிக் கைதிகளை விடுதலை செய்தார்கள். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு விலை பேசிக்கொண்டு ஒருவன் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கை கால் ஓடவில்லை. அவனும் என்னைப் பார்த்தான். கிழங்கை வாங்காமல் போய்விட்டான்.

அன்றைக்கு இரவு எனக்கு வந்த கோபம் அவன் உயிரோடு இருப்பதைப் பற்றி இல்லை. விடப்போகிறோம் என்று எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதாசி போட ஒரு ஆளுக்கும் தோன்றவில்லையே என்பதுதான்.

3 பிப்ரவரி 2025

பலர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அம்மை 2009-ல் போய்விட்டாள், அவன் வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

"அப்படியானால் அவனைத் தூக்கில் போட்டிருந்தால் சந்தையில் பார்த்திருக்க மாட்டீர்களே" என்று ஒரு தம்பி. உண்மைதான் தம்பி. ஆனால் தூக்கு விதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மற்ற வீடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த குறிப்பில்.

9 பிப்ரவரி 2025

செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தால் அதை ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும். பிறகு சுப்ரீம் கோர்ட். பிறகு சீராய்வு மனு. பிறகு கவர்னர், ஜனாதிபதி. கருணை மனு தள்ளுபடியானால், இத்தனை காலம் இழுத்தடித்தது தப்பு என்று மறுபடி ஒரு வழக்கு. ஒவ்வொரு படியிலும் பேப்பரில் படம் வரும், டி.வி.காரன் வீட்டு வாசலில் வந்து "இப்போது எப்படி உணர்கிறீர்கள்" என்று மைக்கை நீட்டுவான்.

2000 பிப்ரவரி 2, தர்மபுரி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மாணவிகள் மூன்று பேரைப் பஸ்ஸோடு எரித்தார்கள். மூன்று பேருக்குத் தூக்கு, ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தன. 2016-ல் அதே சுப்ரீம் கோர்ட் ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் வெளியே விட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு 18 வருஷமாக ஒவ்வொரு வாய்தாவிலும் மகள் மறுபடி எரிந்திருக்கிறாள்.

டெல்லி மாணவி வழக்கில் 2012 டிசம்பரில் நடந்ததற்கு 2020 மார்ச் 20 அன்று நான்கு பேரைத் திகாரில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முன்னால் மூன்று தடவை நாள் குறித்து மூன்று தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தாய் கோர்ட் வாசலில் நின்று அழுததை நாடே பார்த்தது. நாட்டையே உலுக்கிய, எல்லாரும் முடுக்கிவிட்ட வழக்குக்கே இந்த நிலை.

கோவையில் பள்ளிக்கூடம் போன அக்காவையும் தம்பியையும் கடத்திக் கொன்றது 2010. சுப்ரீம் கோர்ட் தூக்கை உறுதி செய்தது 2019.

எங்கள் வீட்டில் வழக்கு என்று ஒன்று முடிந்தது. அம்மை அதற்குப் பிறகு கொஞ்ச நாளாவது பேரப்பிள்ளைகளோடு சிரித்தாள். தூக்காக இருந்தால் அவள் சாகும்வரை மதுரை ஹைகோர்ட்டையும் டெல்லியையும்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள். தூக்குத் தண்டனையைக் கொலையுண்டவன் வீட்டுக்குச் செய்கிற நியாயம் என்று சொல்கிறார்களே, அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இது.

10 பிப்ரவரி 2025

தக்கலை அண்ணன்: "தாமதம்தான் வியாதி என்றால் தாமதத்தைக் குறை. ஒரு வருஷத்துக்குள் விசாரித்து, ஒரு வருஷத்துக்குள் போடு."

கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கும் உடனே பதில் தோன்றவில்லை. யோசிக்கிறேன்.

11 பிப்ரவரி 2025

குளச்சல் தம்பிக்கு மட்டும்: "அரசு ஒருவனைக் கொல்லச் சொன்னால் அவன் அதற்குத் தகுதியானவனாகத்தான் இருப்பான்" என்று எழுதியிருக்கிறாய். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தை 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது அரசு உத்தரவுப்படிதான். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். திருவிதாங்கூர் திவானாக இருந்த தலக்குளத்து வேலுத்தம்பி 1809-ல் தன் உயிரைத் தானே மாய்த்த பிறகும் விடாமல், உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். இன்று அவருக்குச் சிலை. நீ குளச்சல்காரன், காற்றாடிமலைக்கு ஒரு தடவையாவது போயிருப்பாய்.

16 மார்ச் 2025

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, இதையும் எழுதிவிடுகிறேன். திருவிதாங்கூர் ஆராச்சாராக இருந்து 117 பேரைத் தூக்கிலிட்டவர் நம்ம நாகர்கோவில் பக்கத்தில்தான் குடியிருந்தார். இந்த இழையில் கயிறு, கயிறு என்று எழுதுகிறவர்கள் அந்தக் கயிற்றை இழுத்த கையைப் பற்றியும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

பழைய ஆட்கள் சொல்வார்கள்: ஆராச்சாருக்குக் கரம் ஒழிந்த நிலம் உண்டு. தூக்குப் போட்ட கயிற்றில் மிச்சத்தை வீட்டில் வைத்திருப்பார், அதைக் கொஞ்சம் எரித்துச் சாம்பலைத் தீராத வியாதிக்குக் கொடுப்பார். சாம்பலுக்கு வந்து நிற்கிறவர்கள் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். தூக்கு நாளில் மகாராஜா மன்னிப்புக் கடிதம் ஒன்று அனுப்புவாராம். அது தூக்குப் போட்டு முடிந்த பிறகு வந்து சேரும்படி நேரம் பார்த்து அனுப்புவார்கள். ராஜாவுக்குப் பாவம் ஒட்டாது. பாவம் முழுக்க ஆராச்சார் தலையில்.

தாமதமாக வரும் கடிதம் ராஜாவோடு போய்விடவில்லை. 2013 பிப்ரவரி 9 அன்று நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குருவைத் தூக்கிலிட்ட செய்தியைச் சொல்லும் கடிதம் அவர் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகு. அவர் குற்றத்தைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் சரி, மனைவிக்குக் கடைசியாக முகத்தைக் காட்டாமல் செய்தது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மறு வருஷம் ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில், கருணை மனு தள்ளுபடியான தகவல் கொடுத்த பிறகு 14 நாள் அவகாசம் வேண்டும், குடும்பத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று.

17 மார்ச் 2025

ராஜீவ் வழக்கை ஏன் விட்டுவிட்டாய் என்று மூன்று பேர். விடவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்தேன்.

பேரறிவாளன் உட்பட மூன்று பேரைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தாயிற்று. ஆகஸ்ட் 28 அன்று தூக்கு வேண்டாம் என்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தாள். 30-ந் தேதி ஹைகோர்ட் தடை, அன்றைக்கே சட்டசபைத் தீர்மானம். 2013-ல், பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், அவர் சொன்னதை அப்படியே எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எதற்கென்று தெரியாமல்தான் பாட்டரி வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் சொன்ன பகுதி விடுபட்டிருந்தது. 2014-ல் தூக்கு ரத்து. 2022-ல் விடுதலை. செப்டம்பர் 9 அன்று போட்டிருந்தால் தியாகராஜன் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

அன்றைக்கு நம்ம மாவட்டத்திலும் தூக்கு வேண்டாம் என்று மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்கள் உண்டு. நானும் நின்றேன். அதில் சிலர் இந்த இழையில் வந்து அந்தப் பெண்ணைத் தொங்கவிடு என்று எழுதுவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. குண்டுவெடிப்பில் ராஜீவோடு செத்த போலீஸ்காரர்கள் வீட்டையும் அன்று நாம் யோசிக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

17 ஜூலை 2025

கொலை வழக்கில் ஏமன் சிறையில் இருக்கும் பாலக்காட்டு நர்ஸுக்கு நேற்று தண்டனை நிறைவேற்றுவதாக இருந்தது, முந்தின நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். நம்ம ஊரிலும் வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு. எல்லாரும் பிரார்த்தனை செய்தார்கள். நானும்தான்.

ஆனால் கொல்லப்பட்டவரின் சகோதரர், பணமும் வேண்டாம், மன்னிக்கவும் மாட்டேன் என்று சொன்னதற்கு நம்ம ஆட்கள் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் போய் எழுதியிருப்பதைப் படித்தேன். காசுக்காகப் பேரம் பேசுகிறான் என்றுகூட ஒருத்தர். அவருக்கு அவர் தம்பியோ அண்ணனோ போயிருக்கிறான். 1997-ல் என்னிடம் வந்து யாராவது "மன்னித்துவிடு, பணம் வாங்கிக்கொள்" என்று சொல்லியிருந்தால் வெட்டுகத்தியை நான் எடுத்திருப்பேன். அந்தப் பெண் பிழைக்க வேண்டும் என்று கேளுங்கள், மனதாரக் கேளுங்கள். மன்னிக்காதவரைத் திட்டாதீர்கள்.

இதில் எனக்கே ஒரு குழப்பம் இருக்கிறது. அங்கே கொலையுண்டவன் வீட்டாரிடம் கேட்காமல் ஒன்றும் நடக்காது. இங்கே எங்களிடம் ஒன்றுமே கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் புகார். ஆனால் கேட்டால் அந்த நேரத்தில் நாங்கள் கொல்லத்தான் சொல்வோம். அம்மை சொல்லியிருப்பாள், நான் சொல்லியிருப்பேன். பணம் உள்ளவன் வாங்கிக்கொண்டு போவான், இல்லாதவன் தொங்குவான். ஆகவே உயிரை எடுக்கிற முடிவை எங்கள் கையில் தர வேண்டாம். எங்களுக்கு வேண்டியது தகவல், நஷ்டஈடு, அவனை முன்கூட்டியே விடுவதற்குமுன் ஒரு வார்த்தை. இப்போதைக்கு என் மனசு இங்கே நிற்கிறது.

12 அக்டோபர் 2025

தக்கலை அண்ணன் பிப்ரவரியில் கேட்டதற்கு இன்று பதில் சொல்கிறேன்.

சென்னை முகலிவாக்கத்தில் 7 வயதுக் குழந்தை கொல்லப்பட்டது 2017 பிப்ரவரி. செங்கல்பட்டு மகளிர் கோர்ட் தூக்கு விதித்தது 2018 பிப்ரவரி. அதே வருஷம் ஜூலையில் ஹைகோர்ட் உறுதி செய்துவிட்டது. கிட்டத்தட்ட அண்ணன் சொன்ன கணக்குதான்: ஏறக்குறைய ஒரு வருஷத்தில் விசாரணை, ஒன்றரை வருஷத்துக்குள் ஹைகோர்ட். அப்போது நாமெல்லாம் இதுதான் நீதி என்று பாராட்டினோம்.

இந்த அக்டோபர் 8 அன்று சுப்ரீம் கோர்ட் அவனை விடுதலை செய்துவிட்டது. தண்டனையைக் குறைக்கவில்லை, விடுதலை. சாட்சியங்களின் சங்கிலி நிரூபிக்கப்படவில்லை, எதிர்த்தரப்புக்கு முறையான வாய்ப்பும் கொடுக்கப்படவில்லை என்கிறது தீர்ப்பு.

இப்போது அந்தக் குழந்தையின் தகப்பன் என்ன செய்வார்? அவன்தான் செய்தான் என்றால் வெளியே வந்துவிட்டான். அவன் செய்யவில்லை என்றால் செய்தவனை எட்டு வருஷமாக யாரும் தேடவே இல்லை. இரண்டில் எது என்றாலும் அந்த வீட்டுக்கு நியாயம் கிடைக்கவில்லை. எல்லாரும் தூக்கு, தூக்கு என்று அவசரப்படுத்தியபோது, விசாரணை சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. அண்ணன் விரும்பியபடி 2019-ல் தொங்கவிட்டிருந்தால் இந்தத் தீர்ப்பே வந்திருக்காது, நாமும் நிம்மதியாக இருந்திருப்போம். அந்த நிம்மதியை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

13 அக்டோபர் 2025

"சரி, தூக்கும் வேண்டாம், 14 வருஷத்தில் விடவும் வேண்டாம், வேறு என்னதான் வேண்டும்?"

வழி சட்டத்திலேயே இருக்கிறது. இவ்வளவு வருஷம் வரை தண்டனைக் குறைப்பே கிடையாது என்று நிபந்தனை போட்டு ஆயுள் விதிக்க ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு, ராஜீவ் வழக்குக் கைதிகள் சம்பந்தமான வழக்கிலேயே அதை உறுதி செய்தது. 25 வருஷம், 30 வருஷம் என்று விதிக்கிறார்கள். பிறகு குற்றவாளி இல்லை என்று தெரியவந்தால் ஆளாவது உயிரோடு இருப்பான், கதவைத் திறந்துவிடலாம். கஷாய வழக்கிலும் கேரள ஹைகோர்ட் இப்படி ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

4 நவம்பர் 2025

திருவட்டார் தங்கச்சிக்கு. உன் மாமியாரின் தம்பி கொலையான விஷயம் படித்தேன். பிப்ரவரியில் இருந்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன், இப்படி ஒரு நாள் எனக்கே தேவைப்படும் என்று நினைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தூக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை விடு. இதைச் செய்.

எஃப்.ஐ.ஆர். நகலை ஸ்டேஷனில் கேட்டு வாங்கு. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தெரிவிக்காவிட்டால் எழுத்தில் கேள், வாயால் கேட்காதே. அரசு வக்கீலுக்கு உதவியாக நீங்கள் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம், கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று. விடுதலை ஆகிவிட்டாலோ சின்னக் குற்றமாகக் குறைத்தாலோ நஷ்டஈடு போதாது என்றாலோ நீங்களே அப்பீல் போகலாம். தண்டனை போதாது என்று மட்டும் நீங்கள் போக முடியாது, அது அரசு செய்ய வேண்டியது.

பார்த்த சாட்சிகளை மரியாதையாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள், அது வழக்கையே கெடுக்கும். வாய்தாவுக்கு வரும்போது கூடப் போங்கள், சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

நஷ்டஈட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், நாகர்கோவிலில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, குற்றவாளி பிடிபடாவிட்டாலும் கேட்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ்தான் நாளாகும். தாலுகா ஆபீசுக்கு இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடு.